பெட்டியடியிலிருந்து மேலாள் வரை: கடல்கடந்த நகரத்தார் நிறுவனங்களில் பணியாளர் தேர்வும் பயிற்சியும்

1. முன்னுரை

புதிய பணியாளர் ஒருவரைச் சேர்க்கும் எந்த நிறுவனமும் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டியுள்ளது. வந்திருப்பவர் நம்பத்தக்கவரா என்பது முதல் வினா. நிறுவனத்தின் வேலையை நிறுவனத்தின் முறைப்படி செய்ய அவரை எவ்வாறு பழக்குவது என்பது இரண்டாம் வினா. இக்கால நிறுவனங்கள் முதல் வினாவிற்கு விண்ணப்பம், நேர்காணல், சான்றிதழ், முந்தைய பணியிடத்தின் பரிந்துரை ஆகியவற்றின் வழியாகவும், இரண்டாம் வினாவிற்கு அறிமுகப் பயிற்சி, தகுதிகாண் காலம் ஆகியவற்றின் வழியாகவும் விடை தேடுகின்றன. இவற்றைக் கவனித்துக்கொள்ளத் தனித் துறையே உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை, சுமத்திரா, வியட்நாம் ஆகிய இடங்களில் இயங்கிய நகரத்தார் லேவாதேவி நிறுவனங்களுக்கு அத்தகைய துறை எதுவும் இருந்ததில்லை. முதலாளி செட்டிநாட்டில் இருந்தார். பணம் கடலுக்கு அப்பால் இருந்தது. அப்பணத்தைக் கையாண்டவர், பல நாள் பயணத் தொலைவில், முதலாளியின் நேரடிப் பார்வைக்கு அப்பால் மூன்றாண்டுகள் தனித்து முடிவெடுக்க வேண்டிய ஓர் ஊழியர். அந்த ஊழியரை எவ்வாறு தேர்ந்தெடுத்தனர், எவ்வாறு பழக்கினர், எதனால் கட்டுப்படுத்தினர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நகரத்தாரின் கோயிற்பணியும் அறக்கொடையும் மாளிகைகளும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அச்செல்வத்தை ஈட்டித் தந்த பணியாளர் அமைப்பு அந்த அளவிற்குத் தமிழில் பேசப்படவில்லை. அதன் திறனும் அதன் எல்லையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. பின்புலம்

1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் ஐராவதிப் படுகையின் நெல்லுக்கு உலகச் சந்தை விரிந்தது. காடு திருத்தி வயலாக்கிய உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகளோ அவர்களுக்குக் கடன் தர முன்வரவில்லை. அந்த இடைவெளியை நகரத்தார் நிரப்பினர். 1930இல் அறிக்கை அளித்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இயங்கியதாகவும், அவற்றின் நடைமுறை முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் எனவும் மதிப்பிட்டது. மலாயாவில் ஈயச் சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும் இதே போன்ற தேவையை உருவாக்கின. பினாங்கில் 1857இலும் சிங்கப்பூர் டேங்க் சாலையில் 1859இலும் தண்டாயுதபாணி கோயில்கள் எழுந்தமை, அவ்வூர்களில் நகரத்தார் ஒரு சமூகமாக வேரூன்றிய காலத்தைக் காட்டுகிறது.

ஆயிரத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்களில் ஒவ்வொன்றும் சிறியது. பெரும்பாலான இடங்களில் ஒரு மேலாள், ஓரிரு அடுத்தாள்கள், ஒரு பெட்டியடிப் பையன், ஒரு சமையற்காரர் என்ற அளவே பணியாளர் தொகை. ஆயினும் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆள்மாற்றம் நிகழ்ந்தமையால், செட்டிநாட்டு ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் பெருந்தொகையான புதியவர்கள் தெரிந்தெடுக்கப்பட வேண்டியிருந்தது. ஆள்சேர்ப்பு என்பது அவ்வப்போது எழும் தேவையாக இல்லாமல், தொழிலின் இயல்பான சுழற்சியாகவே இருந்தது.

3. தேர்வு

வேலைக்கு ஆள் தேவை என்று எவரும் அறிவித்ததில்லை. கொண்டுவிற்கப் போய்த் திரும்பியவர்கள் கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் முகப்பில் அமர்ந்து பேசும் பேச்சிலேயே யாருக்கு ஆள் வேண்டும், எவர் மகன் எழுத்தும் கணக்கும் தேறியிருக்கிறான் என்பன தெரிந்துவிடும். தந்தையோ தாய்மாமனோ பையனை அழைத்துக்கொண்டு முதலாளியின் வீட்டிற்குச் செல்வார். முதலாளி பையனிடம் சில கணக்குகளைக் கேட்பார், கையெழுத்தைப் பார்ப்பார். ஆனால் உண்மையான தேர்வு அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பையனின் குடும்பம் எத்தகையது, தந்தை பிறர் பணத்தை எவ்வாறு கையாண்டார், எந்தக் கோயிலைச் சேர்ந்தவர், எவ்வீட்டில் பெண் கொண்டு பெண் கொடுத்தவர் என்பன முதலாளிக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

நகரத்தார் சமூகத்தின் அமைப்பே இந்த அறிவைச் சேமித்து வைத்த ஏடாக இருந்தது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் அடையாளம் பெற்றது. மணமான ஆண் ஒருவன் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவானான். கோயில் மாலை வராமல் திருமணம் நிறைவுறாது. எனவே பணியிடத்தில் நம்பிக்கை கெட்ட ஒருவனின் செய்தி, வேலையோடு நின்றுவிடாமல் அவன் தங்கையின் திருமணப் பேச்சு வரை சென்று சேரும். இக்கால நிறுவனம் முந்தைய பணியிடத்தின் பரிந்துரைக் கடிதத்தைக் கேட்கிறது. நகரத்தார் முதலாளிக்கு அக்கடிதத்தை எழுதித் தந்தது ஒரு சமூகம் முழுமையும் எனலாம்.

இங்குப் பரிந்துரைத்தவரின் நிலையும் கருதத்தக்கது. பையனைக் கொண்டுவந்து விட்ட உறவினர் அதற்கென எந்தத் தரகும் பெறவில்லை. மாறாக, பையன் தவறினால் அவருடைய சொல்லின் மதிப்பும் குறையும். பரிந்துரையின் விலையைப் பரிந்துரைத்தவரே ஏற்க வேண்டியிருந்தமையால், தகுதியற்றவரை முன்மொழிய அவர் தயங்கினார்.

4. சம்பளச் சீட்டு

சமூகக் கட்டுப்பாடு வலுவாக இருந்தபோதிலும் நகரத்தார் வாய்ச்சொல்லை மட்டும் நம்பவில்லை. திருமணத்திற்கே இசைகுடிமானம் என்னும் எழுத்துச் சான்று எழுதிக்கொண்ட சமூகம் அது. வேலைக்கும் சம்பளச் சீட்டு எழுதப்பட்டது. பணியாளரின் பெயர், ஊர், செல்லும் இடம், நிறுவனத்தின் விலாசம், தவணைக் காலம், தவணை முழுமைக்குமான சம்பளம் ஆகியவை அதில் இடம்பெற்றன. தவணை பெரும்பாலும் மூன்றாண்டு. கப்பற்செலவு, உணவு, தங்குமிடம் முதலியன நிறுவனத்தின் பொறுப்பு. மேலாளாகச் செல்பவருக்குச் சம்பளத்தோடு ஈட்டிய இலாபத்தில் ஒரு பங்கு தருவதும் உண்டு. மேலாள் முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் உரிமை தரும் அதிகாரப் பத்திரம் தனியே பதிவு செய்யப்பட்டது.

சம்பளத்தின் ஒரு பகுதி புறப்படும் முன்பே முன்பணமாகக் கொடுக்கப்பட்டது. இது குடும்பத்தின் மூன்றாண்டு வாழ்க்கைக்குரிய அடிப்படை. பணியாளர் மனைவியை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை. முன்பணத்தையும் இடையிடையே வரும் தொகையையும் கொண்டு வீட்டை நடத்தி, பிள்ளைகளை வளர்த்து, உறவின் செய்முறைகளைக் குறைவின்றிச் செய்து, வரவு செலவை எழுதி வைத்தவர் ஆச்சி. எந்தச் சம்பளச் சீட்டிலும் அவர் பெயர் இல்லை; ஆனால் அவரின்றி மூன்றாண்டுத் தவணை என்னும் ஏற்பாடே இயங்கியிருக்க முடியாது. பணியாளர் அமைப்பை ஆராய்வோர் கடலுக்கு அப்பாலிருந்த கடையோடு, கடலுக்கு இப்பாலிருந்த இந்த வீட்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

5. ஊரில் பெற்ற பயிற்சி

கப்பலேறும் முன்பே பயிற்சியின் முதற்பகுதி முடிந்திருக்கும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடமாக்கப்பட்டது. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. வீசம் 16இல் ஒரு பங்கு. இக்கீழ்வாய் எண்களை ஒன்றோடொன்று பெருக்கும் வாய்பாடுகளைப் பையன்கள் ஓசையோடு ஒப்பித்தனர். 16 அணா ஒரு ரூபாய் என்ற நாணய முறையில், வீசம் என்பது அப்படியே ஓரணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா. எனவே எண்சுவடி கற்றவனுக்கு ரூபாய்க் கணக்கு தனியே கற்க வேண்டிய ஒன்றாக இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும். 3,750 ரூபாய்க்கு, நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய் வட்டி வீதம், 2 மாதம் 20 நாளைக்கு வட்டி யாது? நூற்றுக்கு முக்கால் எனில் 3,750க்கு மாத வட்டி 28 ரூபாயும் அரைக்காலும், அதாவது 28 ரூபாய் 2 அணா. இரண்டு மாதத்திற்கு 56 ரூபாய் 4 அணா. 20 நாள் என்பது மாதத்தில் மூன்றில் இரண்டு பங்காதலால் 18 ரூபாய் 12 அணா. ஆக மொத்தம் 75 ரூபாய். தாளும் எழுதுகோலும் இன்றி, கடன் வாங்க வந்தவர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே இவ்விடையைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பையனிடம் முதலாளி கணக்குக் கேட்டது இதற்காகவே.

வீட்டிலும் கல்வி நடந்தது. கூட்டு வீட்டில் மணமான மகன் தனிப் புள்ளியாகித் தனக்கென அளக்கப்பட்ட ஆண்டுப் படியைக் கொண்டு தனிச் சமையல் நடத்தினான். வீட்டுக்குள்ளேயே வரவும் பற்றும் எழுதப்பட்டன. சிறு தொகையைக்கூடக் கணக்கில் ஏற்றாமல் விடுவது பிழை என்பதை எவரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பு நூல் உட்பட, அக்காலத்து ஆங்கில ஆவணங்கள் நகரத்தார் சிறுவர்களின் இளமைத் தொழிற்பயிற்சியை வியப்போடு குறிப்பிட்டமைக்கு இதுவே காரணம்.

6. கிட்டங்கியில் பெற்ற பயிற்சி

நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிய பையன், பினாங்கிலும் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் இரங்கூன் மொகல் தெருவிலும் இருந்த கிட்டங்கிகளை வந்தடைந்தான். கிட்டங்கி என்பது நீண்ட கூடம். பல விலாசங்களைச் சேர்ந்த நிறுவனங்கள் அதே கூடத்தில் வரிசையாக இடம் கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டியும், அதனருகே பாயும், சாய்வு மேசையும் உண்டு. பெட்டியின் அருகில் அமர்ந்து வேலை பார்த்தமையால் புதியவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர்.

அவனுக்கு முதலில் கணக்கு வேலை கிடைக்கவில்லை. இடத்தைத் துப்புரவு செய்தல், விளக்கேற்றுதல், கடிதங்களைத் தபாலில் சேர்த்தல், அடுத்த பெட்டிக்குச் சீட்டுக் கொண்டு போதல், வங்கிக்கு உடன் செல்லுதல் ஆகியவையே தொடக்கப் பணிகள். இவற்றை வெறும் எடுபிடி வேலையாகக் கருதுவது பொருந்தாது. சீட்டைக் கொண்டு செல்பவனுக்கு எந்த நிறுவனம் எந்த நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருக்கிறது என்பது தெரியவரும். வங்கி வாசலில் நிற்பவனுக்கு எவருடைய கையெழுத்துக்கு மதிப்பு உண்டு என்பது தெரியவரும். திறந்த கூடத்தில் மேலாள் கடன் பேசும் பேச்சு முழுவதும் அவன் செவியில் விழும். யாருக்கு இல்லை என்று சொல்ல வேண்டும், அதை எவ்வாறு பகைமையின்றிச் சொல்ல வேண்டும் என்பதை எந்தப் பாடநூலும் கற்பிக்க இயலாது. அதைப் பெட்டியடி கற்பித்தது.

அடுத்த கட்டத்தில் அவன் குறிப்பு எழுதப் பழகினான். அன்றாட வரவு செலவு குறிப்பில் பதிவாகும். அதிலிருந்து பேரேட்டிற்கு ஏறும். காலமுடிவில் ஐந்தொகை எடுக்கப்படும். ஊருக்கு முதலாளிக்கு அனுப்பும் கணக்குக் கடிதத்தைப் படியெடுக்கும் பொறுப்பும் அவனைச் சேர்ந்தது. படியெடுக்கும்போதே கடிதம் எழுதும் முறை கைவந்தது. கூடவே மலாய் மொழியோ பர்மிய மொழியோ வாடிக்கையாளர் வாயிலிருந்து அவன் செவி வழியாகப் படிந்தது. பின்னர் அடுத்தாளுடன் வெளி வசூலுக்குச் சென்றான்.

கோயில் இப்பயிற்சியின் மற்றொரு களம். நகரத்தார் ஒன்றுகூடித் தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை முடிவு செய்ததும், பொதுச் செய்திகளைப் பேசியதும், பிணக்குகளைத் தீர்த்ததும் கோயிலில்தான். பெட்டியடிப் பையன் அங்கு மூத்தோர் கண்ணில் நாள்தோறும் பட்டான். அவன் முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதினாலும், அதே கப்பலில் பிறர் எழுதும் கடிதங்களும் ஊருக்குச் சென்றன. தொலைவில் இருந்த முதலாளிக்குப் பல சாளரங்கள் இருந்தன. டேவிட் ருட்னர் 1994இல் வெளியிட்ட நூல், நகரத்தார் வங்கித்தொழிலையும் கோயில் அமைப்பையும் தனித்தனியே புரிந்துகொள்ள இயலாது என்று வாதிடுகிறது. பணியாளர் பயிற்சியை நோக்கும்போது அக்கருத்து மேலும் வலுப்பெறுகிறது.

7. உயர்வும் ஒப்படைப்பும்

தவணை முடிந்து ஊர் திரும்பியவர் சில மாதங்களேனும் வீட்டில் தங்கிய பின்னரே அடுத்த தவணைக்குப் புறப்படுவார். இந்த இடைவெளி பணியாளருக்கு ஓய்வு. முதலாளிக்குத் தணிக்கைக் காலம். புதிய மேலாள் வந்ததும் பழைய மேலாளும் அவரும் சேர்ந்து பேரேட்டைப் பார்த்து, நிலுவைகளையும் பத்திரங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துப் பொறுப்பை மாற்றிக்கொண்டனர். வாராக்கடன் எது, வரக்கூடியது எது என்பதில் வந்தவர் கண்டிப்பாக இருப்பார்; ஏனெனில் இன்று ஏற்றுக்கொண்டது நாளை அவர் தலையில் விழும். ஒருவரின் கணக்கை மற்றொருவர் தம் நலன் கருதியே தணிக்கை செய்யும் இம்முறை, தனித் தணிக்கையாளரின் தேவையைக் குறைத்தது.

பெட்டியடிப் பையனாகத் தொடங்கியவர் அடுத்தாளாகி, மேலாளாகி, சேர்த்த சம்பளத்தையும் இலாபப் பங்கையும் முதலீடாக்கித் தமக்கென ஒரு விலாசம் தொடங்குவதும் இயன்றது. பணியாளர் நாளைய முதலாளி என்ற எதிர்பார்ப்பே குறைந்த வசதியையும் நீண்ட பிரிவையும் பொறுத்துக்கொள்ளச் செய்தது. ஆயினும் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. முதலாளிக்கும் மேலாளுக்கும் இடையே எழுந்த வழக்குகள் சென்னை, இரங்கூன் உயர்நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளன. கோயிலும் உறவும் தடுக்க இயலாத பிணக்குகள் இருந்தமைக்கு அவை சான்று.

8. கங்காணி முறையோடு ஓர் ஒப்பீடு

அதே காலத்தில், அதே கப்பல்களில், மிக வேறுபட்ட முறையில் சேர்க்கப்பட்ட தமிழர்களும் பயணம் செய்தனர். மலாயா, இலங்கைத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் கங்காணி வழியே திரட்டப்பட்டனர். கங்காணியும் தன் ஊருக்கே சென்று, உறவினரையும் அண்டை அயலாரையுமே அழைத்தான். அறிமுகமும் உறவும் வழியாக ஆள்சேர்த்தல் என்னும் வகையில் இரண்டும் ஒன்றே. வேறுபாடு மூன்று இடங்களில் உள்ளது.

முதலாவது, கங்காணிக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என வருவாய் கிடைத்தது. எண்ணிக்கை கூடினால் அவன் பயனடைந்தான். அழைத்து வரப்பட்டவர் நலிந்தால் அவன் இழப்பது குறைவு. நகரத்தாரிடையே பரிந்துரைத்தவர் இதற்கு நேர்மாறான நிலையில் இருந்தார். இரண்டாவது, முன்பணம். பெட்டியடிப் பையனின் குடும்பத்திற்குக் கொடுத்த முன்பணம் அவன் சம்பளத்தின் பகுதி. தோட்டத் தொழிலாளிக்குக் கொடுத்த முன்பணம் அவன் தலைமேல் ஏறிய கடன். இலங்கையில் தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்த துண்டுச் சீட்டு, அக்கடனைத் தீர்க்கும் தோட்டத்திற்கு அவனை மாற்றித் தரும் கருவியாகவே பயன்பட்டது. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மூன்றாவது, வளர்ச்சி. மண்டபம் முகாமில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டவருக்கும், மலாயாத் துறைமுகத்தில் இறங்கியவருக்கும் கிடைத்த அறிமுகம், கொழுந்தெடுக்கவோ பால்மரம் வெட்டவோ காட்டித் தருவதோடு முடிந்தது. மலாயாவுக்கு உதவியோடு தொழிலாளரை அனுப்பும் ஏற்பாட்டை இந்திய அரசு 1938இல் நிறுத்தும் வரை, பெரும்பாலோருக்கு அத்தொழிலில் மேலே செல்லப் படிக்கட்டு இல்லை.

ஒரே சொல், ஒரே உறவு, ஒரே ஊர் ஆகியவை ஒரு முறையில் உயர்வுக்கும் மற்றொரு முறையில் தளைக்கும் வழிவகுத்தன. எனவே உறவு வழி ஆள்சேர்ப்பு நல்லதா தீயதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. சேர்ப்பவருக்கு எதனால் வருவாய், தவறு நேர்ந்தால் இழப்பு யாருக்கு, சேர்ந்தவருக்கு மேலே செல்ல வழி உண்டா என்பனவே கேட்க வேண்டிய வினாக்கள்.

9. அமைப்பின் எல்லைகள்

பெட்டியடி முறையைப் புகழ்வோர் அதன் மூடிய கதவுகளையும் எண்ண வேண்டும். பெண்ணுக்கு அங்கு இடமில்லை. பிற சமூகத்தார் சிலர் பணியாற்றியபோதும் மேலாள் நிலை பெரும்பாலும் தம் சமூகத்தாருக்கே உரியதாயிற்று. பர்மியருக்கும் மலாய்க்காரருக்கும் பெட்டியின் எதிர்ப்புறம் மட்டுமே இடம் கிடைத்தது. அவர்கள் கடன் வாங்கினர், கணக்கு எழுதவில்லை. நம்பிக்கையைச் சமூகத்திற்குள் அடைத்து வைத்த அமைப்பு, தான் வாழ்ந்த நாட்டில் நம்பிக்கைக்குரிய நண்பர்களை உருவாக்கவில்லை.

இக்குறை 1930களில் வெளிப்பட்டது. நெல்விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாதபோது அடமான நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்தம் நிலவுடைமை, 1937இல் ஏறத்தாழ 25 விழுக்காடாக உயர்ந்தது. பெட்டியடியில் பயின்ற பணியாளர் கடனைப் பற்றி அறிந்தவர். நிலத்தையும் குத்தகை உழவரையும் பற்றிப் பயின்றவர் அல்லர். விரும்பாமலே நிலக்கிழாராகிய அவர் மீது பர்மியரின் சினம் திரும்பியது. 1942இல் போர் வந்தபோது பல்லாயிரவரோடு அவர்களும் நாட்டை விட்டு வெளியேறினர். 1948இல் நிலநாட்டுடைமைச் சட்டம் எஞ்சியதையும் எடுத்துக்கொண்டது.

பணியாளரின் மனநிலையிலும் ஓர் எல்லை இருந்தது. இம்முறை பணிவையும் கணக்கையும் கற்பித்தது, கேள்வியைக் கற்பிக்கவில்லை. இளம் வயதில் சுமத்திராவின் மேடான் நகருக்குச் சென்று பணியாற்றிய ப. சிங்காரம், 1959இல் வெளிவந்த தம் ‘கடலுக்கு அப்பால்’ நாவலில் இதனை நுட்பமாகக் காட்டுகிறார். பினாங்கு வட்டிக்கடை ஒன்றின் பணியாளனான செல்லையா, இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து போரிட்டுத் திரும்புகிறான். அவன் நேர்மையில் முதலாளிக்கு ஐயமில்லை. ஆயினும் படை கண்டு வந்தவன் இனித் தொழிலுக்கும் தன் மகளுக்கும் பொருந்தமாட்டான் என்று கருதுகிறார். அமைப்பு எத்தகைய மனிதனை உருவாக்க விரும்பியது என்பதற்கு, அது யாரை ஏற்க மறுத்தது என்பதே தெளிவான விடை.

10. சரிவு

போருக்குப் பின் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தொழில் மீண்டும் தொடங்கியது. ஆனால் 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் ஊரிலிருந்து இளைஞரை அழைப்பதைக் கடினமாக்கியது. மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் வேலை அனுமதிச் சட்டம் குடியுரிமை பெறாதோர் பணியாற்றுவதைக் கட்டுப்படுத்தியது. முதல் கையில் இருந்தது, வாடிக்கையாளரும் இருந்தனர், பெட்டியடியில் அமரப் பையன் இல்லை. பெட்டியடிப் பையன் வராதபோது அடுத்தாள் உருவாகவில்லை. அடுத்தாள் இல்லாதபோது மேலாள் இல்லை. வங்கிகளின் போட்டியும் கடன் சட்டங்களும் சரிவுக்குக் காரணம் எனப் பலரும் எழுதியுள்ளனர். பயிற்சிச் சங்கிலியின் முதற்கண்ணி அறுந்ததும் அவற்றோடு ஒத்த காரணமாகக் கொள்ளத்தக்கது. மற்றொரு புறம், கல்லூரிக் கல்வி பெற்ற நகரத்தார் இளைஞர் பொறியியலும் மருத்துவமும் வங்கித்துறையும் நாடினர். பெட்டியடியை விட்டு அவர்களும் விலகினர்.

11. முடிவுரை

நகரத்தார் நிறுவனங்கள் அறிந்து தேர்ந்தெடுத்தன. எழுதி ஒப்பந்தம் செய்தன. அருகில் அமர்த்திப் பழக்கின. கணக்கை மாற்றிக் கொடுத்துத் தணிக்கை செய்தன. உயர வழி காட்டின. இந்த ஐந்தும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. அவற்றுள் அருகில் அமர்ந்து கற்றலும், பரிந்துரைத்தவர் பொறுப்பேற்றலும் இக்கால நிறுவனங்களும் எண்ணிப் பார்க்கத்தக்கவை. அதே வேளையில், சமூகத்திற்குள் மட்டுமே நம்பிக்கையைத் தேடிய முறை, அந்நாட்டு மக்களிடமிருந்து அந்நிறுவனங்களைப் பிரித்து வைத்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்வாய்வு மேலும் செல்ல வேண்டுமாயின் மூல ஆவணங்கள் தேவை. சம்பளச் சீட்டுகளும் பேரேடுகளும் கணக்குக் கடிதங்களும் பூட்டிய செட்டிநாட்டு வீடுகளின் பெட்டகங்களில் கிடக்கின்றன. வீடுகள் பிரிக்கப்படும்போது தேக்குத் தூணுக்கும் பீங்கானுக்கும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை உண்டு. கறையான் அரித்த பேரேட்டுக்கு விலை இல்லை. முதலாளிகளின் பெயர் கோயிற் கல்லில் இருக்கிறது. பெட்டியடிப் பையன்களின் பெயர் அந்தத் தாள்களில் மட்டுமே இருக்கிறது. குடும்பங்களும் ஆய்வு நூலகங்களும் இணைந்து அவற்றைத் தொகுத்துப் படியெடுத்து வைத்தல் இத்தலைமுறையில் செய்து முடிக்க வேண்டிய பணியாகும்.